மூன்றாவது தந்தி

அன்புள்ள ஐயா,

கிட் வாங்கி வீட்டிலேயே எலெக்ட்ரிக் கிட்டார் ஒன்று செய்தேன். வார்னிஷ் முதல் சால்டரிங் வரை எல்லாம் நானே. ஆனால் தந்திகளைத் தளர்த்தி ஒலியை வளைக்கும் ட்ரெமலோ கைப்பிடியை அழுத்திவிட்டால் சுருதி கலைகிறது. முக்கியமாக மூன்றாவது தந்தி ஏறி நிற்கிறது. பின்னால் மூன்று ஸ்பிரிங் உள்ளது, ஐந்தாக்கலாமா? நம் ஊர் ஈரக்காற்றா காரணம்? தந்திகளின் அடிமுனையைத் தாங்கும் தகடான பிரிட்ஜையே மாற்றச் சொல்கிறார்கள் நண்பர்கள்.

ஒரு வாசகர், மன்னார்குடி

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதம் வந்த அன்று காலையில்தான் அத்தையின் வீணையை உறையிலிருந்து எடுத்தேன். சித்திரை வெயிலில் மெழுகு இளகி, தந்தியை விரலால் அழுத்தும் இடங்களில் பதித்த மெட்டுகளில் இரண்டு சாய்ந்திருந்தன.

ஸ்பிரிங் மூன்றே போதும். ஈரக்காற்றின் மேல் பழி போடாதீர்கள், தஞ்சாவூர் வீணையும் இதே காற்றில்தான் பாடுகிறது.

சிறுவயதில் அந்த வீணைக்கு மேளம் கட்ட, அதாவது மெட்டுகளை மெழுகில் பதிக்க, ஓர் ஆசாரி வீட்டுக்கே வருவார். கரி கலந்த மெழுகை உருக்கி, தண்டியின் இருபுறமும் கட்டி, 24 மெட்டுகளையும் ஒவ்வொன்றாகச் செவியால் நிறுத்துவார். ஒருமுறை அத்தை, "தந்தி சரியில்லை, எல்லாத்தையும் மாத்திடுங்க" என்றாள். அவர் பதிலே சொல்லவில்லை. காதைத் தண்டியோடு ஒட்டி, ஒரே தந்தியை மீட்டிக்கொண்டே தந்தியை முறுக்கும் பிருடையை மயிரிழை மயிரிழையாகத் திருப்பினார். நடுவில் 'டிக்' என்று மெல்லிய சத்தம். "இங்கதாம்மா பிடிக்குது" என்று தந்தி உட்காரும் கீற்றைக் காட்டினார். அரத்தால் நாலே இழுப்பு. தந்தி பழையதுதான், சுருதி நின்றது.

'மூன்றாவது தந்தி ஏறி நிற்கிறது' என்று எழுதியது நீங்கள்தானே? விடையை எழுதிவிட்டு, அதைப் படிக்காமல் கடைக்கு ஓடப் பார்க்கிறீர்கள்! இவ்வளவையும் கையால் செய்தவருக்கு ஒரு நாள் காது கொடுத்துக் கேட்கப் பொறுமை இல்லையா? கைப்பிடியை அழுத்தினால் தந்தி தளர்கிறது. தலைப்பக்கம் கொஞ்சம் நகர்ந்துபோகிறது. விட்டதும் அது, கழுத்தின் மேல்முனையில் தந்திகள் உட்காரும் சிறு கட்டையான நட்டின் கீற்று வழியே திரும்பி வரவேண்டும். கீற்று கவ்விக்கொண்டால் அங்கேயே நின்றுவிடும், சுருதி ஏறும். பக்கவாட்டில் இழுத்து விட்டுப் பாருங்கள், அப்போது இறங்கி நிற்கும். ஆறு தந்தியும் சேர்ந்து ஒரே பக்கம் கலைந்தால்தான் பிரிட்ஜைச் சந்தேகிக்கலாம். அதற்கும் முதலில் அதன் திருகாணிகள் தகட்டை அசையவிடாமல் இறுக்குகின்றனவா என்று பாருங்கள்.

தந்தியைத் தளர்த்தி, கீற்றில் பென்சில் முனையை நன்றாகத் தேயுங்கள், அந்தக் கரி வழுக்கும். போதாவிட்டால் நுண்ணிய உப்புத்தாளை மடித்துப் பக்கச்சுவரை மட்டும் தேயுங்கள். அடியைத் தொடவே வேண்டாம். ஆழம் கூடினால் விரல் வைக்காத தந்தி முதல் ஃபிரெட்டில் (கிட்டாரின் மெட்டு) மோதி அதிரும், பிறகு நட்டையே மாற்ற வேண்டும். ஒரு தந்தியை ஏற்றினால் ஸ்பிரிங் இழுப்பில் மிதக்கும் பிரிட்ஜில் மற்றவை இறங்கும், அதனால் நாலைந்து சுற்று சுருதி சேருங்கள்.

பிரிட்ஜுக்கு வைத்த காசு அப்படியே இருக்கட்டும். மூன்றாவது தந்தி இறங்கி வந்ததா என்று எழுதுங்கள்.