யானைக்கு ஏன் மனித முகம்?

அன்புள்ள ஐயா,

18ஆம் நூற்றாண்டு ஆங்கிலக் கேலிச்சித்திரக்காரர் ஜேம்ஸ் சேயர்ஸ் வரைந்த ‘கார்லோ கான்’ கேலிச்சித்திரத்தை உங்கள் குறிப்பைப் பார்த்துத் தேடி எடுத்தேன். நவாபு வேஷத்தில் ஒருவர் யானைமேல் வருகிறார், யானைக்கு மனித முகம். யார் யாரென்றே பிடிபடவில்லை. அன்றைக்குப் பார்த்தவர்களுக்கு எப்படிப் புரிந்தது?

செ.

அன்புள்ள செ.,

படத்தை விடுங்கள், அடியில் உள்ள பொடி எழுத்தை முதலில் படியுங்கள். அச்சுத் தகட்டிலேயே உரிமையாளர் பெயரும் வெளியான தேதியும் இருந்தால்தான் பிரிட்டனின் 1735 சட்டப்படி 14 ஆண்டு பதிப்புரிமை. அதனால் பெரும்பாலான படங்களில் தேதி இருக்கும். இதில் 5 டிசம்பர் 1783. பிரிட்டிஷ் அமைச்சர் சார்லஸ் ஜேம்ஸ் ஃபாக்ஸின் இந்தியா மசோதா அப்போது பிரிட்டிஷ் மக்களவையில் இருந்தது. கிழக்கிந்தியக் கம்பெனி நிர்வாகத்தை ஏழு ஆணையர்களிடம் கொடுக்கச் சொன்ன மசோதா அது. ஏழு பேரும் ஆளும் கூட்டணியின் ஆட்கள்.

யானைமேல் இருப்பவர் ஃபாக்ஸ். அடர்ந்த கரும்புருவமும் சவரம் காணாத தாடையும் போதும், எந்த வேஷம் போட்டாலும் அவரைக் கண்டுபிடித்துவிடுவார்கள். ‘சார்லஸ்’தான் ‘கார்லோ’ ஆகியிருக்கிறது. யானையின் முகம் முன்னாள் பிரதமர் நார்த் பிரபு. அமெரிக்கப் போர்க்காலம் முழுக்க ஃபாக்ஸ் வறுத்தெடுத்த அதே நார்த். 1783 ஏப்ரலில் இருவரும் கூட்டணி மந்திரிசபை அமைத்தார்கள். ஆள் பருமன் என்பதால் யானை வேஷம் கச்சிதம். முன்னே எக்காளம் ஊதுபவர் ஃபாக்ஸின் கட்சிக்காரர் எட்மண்ட் பர்க். போய்ச் சேருமிடம் லண்டன் லெடன்ஹால் தெருவில் கம்பெனி தலைமையகம். கொடியைப் பாருங்கள்: ஃபாக்ஸின் பட்டப்பெயரான ‘மக்கள் தலைவன்’ கோடு போட்டு அடிக்கப்பட்டு, ‘மன்னாதி மன்னன்’ என்று கிரேக்கத்தில் எழுதியிருக்கிறது. கிரேக்கம் தெரியாதவருக்கும் அந்தக் கோடு புரியும்.

இவ்வளவு சூட்டோடு படம் வெளிவரக் காரணம் அமில வேலை. செப்புத் தகட்டில் மெழுகும் பிசினும் பூசி, புகையில் கருக்கி, ஊசியால் கீறி, நைட்ரிக் அமிலம் ஊற்றுவார்கள். கீறிய இடத்தை மட்டும் அமிலம் அரிக்கும். தகட்டில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் பூச்சு பெயர்ந்து, வேண்டாத இடமெல்லாம் புள்ளி விழும். எழுத்தை இடம்வலம் மாற்றி எழுத வேண்டும், இல்லையென்றால் அச்சில் கண்ணாடி எழுத்தாகிவிடும். உளியால் செதுக்குவது இதைவிட மிக மெதுவான வேலை. மசோதா அதுவரை காத்திருக்காது.

மசோதாவைக் கவிழ்த்ததே இந்தப் படம்தான் என்று யாராவது சொன்னால் அது மிகை. டிசம்பர் 8 அன்று மக்களவையில் அது 208க்கு 102 என்று சுலபமாகத் தேறியது. ஆதரித்து வாக்களிப்பவன் என் நண்பனல்ல என்று மன்னர் மூன்றாம் ஜார்ஜ் சொல்லியனுப்பிய பிறகுதான், 17ஆம் தேதி பிரபுக்கள் சபையில் 95க்கு 76 என்று தோற்றது. அடுத்து பிரதமரானவர் ஃபாக்ஸின் எதிரணியைச் சேர்ந்த வில்லியம் பிட். சேயர்ஸுக்கு அரசாங்க உத்தியோகம் ஒன்று கிடைத்தது.