பாக்கெட்டில் காட்டு அருகுலா, தொட்டியில் வேறு கீரை

கேள்வி: சாலட் கீரையான ‘காட்டு அருகுலா’ என்று 2 கிராம் விதை, 180 ரூபாய்க்கு வாங்கினேன். இலை அகலமாக வந்தது, இப்போது வெள்ளையாகப் பூக்கிறது. ஏமாந்துவிட்டேனா?

பதில்: ஆமாம். இதழைக் கண்ணருகே பிடித்துப் பாருங்கள்: பாலாடை நிறத்தில் பழுப்பு நரம்பு ஓடும். அது சாதா அருகுலா, தாவரவியல் பெயர் எருக்கா (Eruca). காட்டு அருகுலாவான டிப்ளோடாக்சிஸ் டெனுஇஃபோலியா மஞ்சளாகத்தான் பூக்கும். இலை மெலிந்து, ஆழமாக வெட்டுப்பட்டிருக்கும். கசக்கினால் காரம் மூக்கில் ஏறும். இரண்டும் கடுகுக் குடும்பம், இரண்டுக்கும் நாலு இதழ். மத்தியதரைக் கடல் நாடுகளில் சாலையோரத்திலும் சுவர் இடுக்கிலும் தானாக முளைக்கிற செடி காட்டு அருகுலா. இத்தாலியில் சலேர்னோவை ஒட்டிய சேலே சமவெளியில் அதைப் பசுமைக்குடில்களில் பயிராக்குகிறார்கள். அங்கே விளையும் கீரைக்கு 2020-ல் ஐரோப்பிய ஒன்றியத்தின் புவிசார் குறியீடும் கிடைத்தது.

பூக்கும்வரை காத்திருக்கத் தேவையே இல்லை. விதையை உள்ளங்கையில் கொட்டினால் போதும். சாதா ரகம் கிராமுக்கு 500, 600 விதை. காட்டு ரகம் தூள் மாதிரி, கிராமுக்கு 4,000 வரை தேறும். ராஜஸ்தானில் எண்ணெய்க்காக மூட்டை மூட்டையாக விளைகிற தாராமீராவும் இந்தச் சாதா அருகுலாவும் ஒரே இனம். இலைக்கென்று தேர்ந்த ரகம் என்றால் கூடுதல் விலை கொடுக்கலாம். ரகத்தின் பெயரே இல்லாததற்கு ஏன் கொடுக்க வேண்டும்? ‘காட்டு’, ‘இத்தாலியன்’, ‘பிரீமியம்’ எல்லாம் கொட்டை எழுத்தில் இருக்கும். தாவரவியல் பெயர், லாட் எண், முளைப்புத்திறன், சோதனை தேதி எதுவும் இருக்காது. நானே இரண்டு முறை தண்டம் அழுதிருக்கிறேன். பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படம் போடாத இணையக் கடையில் இப்போது வாங்குவதில்லை.

கேள்வி: ரோஸ் நிறம் பூசிய விதையை மைக்ரோகிரீன் (முளைத்ததும் அறுத்துச் சாப்பிடும் குட்டிக் கீரை) தட்டில் போடலாமா?

பதில்: கூடாது. அது பூஞ்சைக்கொல்லி.

கேள்வி: சென்னையில் ஏப்ரல் கடைசியில், விரல் ஆழத்தில் காட்டு அருகுலா விதைத்தேன். 5 நாளாகியும் முளைக்கவில்லை. பணத்தைத் திருப்பிக் கேட்கலாமா?

பதில்: எந்த முகத்தோடு? தூள் விதைக்கு அரை சென்டிமீட்டர் மண்ணே அதிகம். மேலாகத் தூவி, சலித்த தென்னைநார்த் தூளை மெல்லிசாகப் போர்த்தி, தெளிப்பானால் நனைக்க வேண்டும். 15 முதல் 20 டிகிரியிலேயே ஒரு வாரம், பத்து நாள் எடுக்கும். சமவெளியில் நவம்பர், டிசம்பர்தான் இதற்குக் காலம். கத்திரி வெயிலில் முளைத்தாலும் கசந்து, பூத்துப் போகும்.

கேள்வி: இலையெல்லாம் ஊசித் துளை. கடைக்காரர் 450 ரூபாய்க்கு ‘சத்து டானிக்’ கொடுத்தார்.

பதில்: துளை போடுவது எள்ளளவு கறுப்பு வண்டு, தொட்டால் தத்தி ஓடும். அதற்கு டானிக் எதற்கு? விதைத்த அன்றே நெருக்கமான வலையால் தொட்டியை மூடுங்கள். முள்ளங்கி, கோஸ் வைத்த மண்ணில் போடாதீர்கள், வண்டு அதிலேயே தங்கியிருக்கும். அறுக்கும்போது 3, 4 சென்டிமீட்டர் விட்டு அறுங்கள். நடுக்குருத்து போனால் மறுதழை வராது.

கேள்வி: கோத்தகிரி பக்கம் 10 சென்ட். கீரையைத் தாங்களே வாங்கிக்கொள்வதாகச் சொல்லி 250 கிராம் விதையை 11,000 ரூபாய்க்குத் தலையில் கட்டினார்கள். கால்வாசிகூட முளைக்கவில்லை, இப்போது போனை எடுப்பதில்லை.

பதில்: உங்கள் மேல் தப்பில்லை ஐயா. நிலத்தை உடனே உழுதுவிடாதீர்கள். தோட்டக்கலை அலுவலரை வரவழைத்து, முளைப்பை எண்ணி எழுதி வாங்குங்கள். மிச்ச விதையைப் பாக்கெட்டோடு உலர்ந்த இடத்தில் பத்திரப்படுத்துங்கள். ரசீது, வாட்ஸ்அப் பேச்சு எதையும் அழிக்காதீர்கள். கொஞ்சம் விதையை விதைப் பரிசோதனை நிலையத்துக்கு அனுப்புங்கள், மொத்தத்தையும் கொடுத்துவிட வேண்டாம். முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார், பிறகு மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் என்பதால் கட்டணம் இல்லை. ‘விவசாயி நுகர்வோர் அல்ல’ என்று எதிர்த்தரப்பு கிளப்பும். மட்டமான விதைக்கு விவசாயி நுகர்வோர் மன்றம் போகலாம் என்று உச்ச நீதிமன்றம் 2012-லேயே, தேசிய விதைக் கழகம் தொடர்ந்த வழக்கில் சொல்லிவிட்டது. மனுவில் அந்தத் தீர்ப்பைக் குறிப்பிடுங்கள்.