வாசகர் கேள்வி – பதில்: தராசடியில் ஆள் இல்லாவிட்டால்

சுப்பர் மார்க்கெட் ஊழியர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினால் கடையில் என்ன நடக்கும், வீட்டில் என்ன செய்யலாம் என்று கேட்டு வந்த கடிதங்களுக்கு இம்முறை இடம் ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: நாங்கள் நாலு பேர், தொடர்மாடியில் இருக்கிறோம். மாதச் சாமான் முழுவதும் சுப்பர் மார்க்கெட்டில்தான். வேலைநிறுத்தம் என்றால் முதலில் எது கிடைக்காமல் போகும்? எவ்வளவு வாங்கி வைக்க வேண்டும்?
– வாசகி, வெள்ளவத்தை

பதில்: ஆள் கைபடாமல் விற்க முடியாத பொருள்தான் முதலில் நிற்கும். மரக்கறிப் பகுதித் தராசை நினைத்துப் பாருங்கள். கத்தரிக்காயைப் பையில் போட்டு நீட்டுகிறீர்கள். அங்கே நிற்கும் பிள்ளை பையைப் பார்த்த கையோடு ஓர் இலக்கத்தைத் தட்டி, விலை ஸ்டிக்கரை ஒட்டித் தருகிறார். ஸ்டிக்கர் இல்லாமல் காசாளரிடம் போனால் "நிறுத்துக்கொண்டு வாங்கோ" என்று திருப்பி அனுப்புவார். ஒவ்வொரு காய்க்கும் ஓர் இலக்கம். அது விரலில் ஏற நாள் எடுக்கும். தலைமை அலுவலகத்திலிருந்து வந்து நிற்கும் அதிகாரிக்குப் பீர்க்கங்காய் தெரியும், அதன் இலக்கம் தெரியாது. வரிசை அங்கேயே தேங்கும்.

அடுத்தது மீனும் இறைச்சியும் வெட்டும் இடம். கத்தி பிடிக்கத் தெரியாதவரை அங்கே விட முடியாது என்பதால் அதை மூடிவிடுவார்கள். பிறகு கடைக்குள்ளே சுடும் பாண், பணிஸ். பால், யோகட் பகுதி திறந்திருந்தாலும் திகதி பார்த்துப் பழையதை முன்னுக்கு இழுத்து வைக்க ஆள் இருக்காது. நீங்களே திகதி பார்த்து எடுங்கள்.

பொதி அரிசி, பருப்பு, சீனி, டின் மீன், சவர்க்காரம் எல்லாம் பார்கோடோடு வருபவை. ஒரு காசாளர் இருந்தால் போதும், விற்றுவிடலாம். ஆனால் தட்டில் அடுக்க ஆள் இல்லாததால் பின்னறையில் பெட்டி பெட்டியாகக் கிடக்க, முன்னால் தட்டு வெறிச்சென்று தெரியும். அதை யாராவது படம் எடுத்து வட்ஸ்அப்பில் போட்டால் பின்னேரத்துக்குள் உண்மையிலேயே தீர்ந்துவிடும்.

நாலு பேருக்குப் பத்து நாள் கணக்கு இது. அரிசி 8 கிலோ (இரவில் பாண், இடியப்பம் சாப்பிடும் வீடென்றால் 6 போதும்), பருப்பு 1½ கிலோ, பெரிய வெங்காயம் 2 கிலோ, உருளைக்கிழங்கு 2 கிலோ, 400 கிராம் பால்மா 2 பக்கற், 425 கிராம் டின் மீன் 3, நெத்தலிக் கருவாடு 250 கிராம், முட்டை 20, தேங்காய் 8. வெங்காயத்தையும் உருளைக்கிழங்கையும் ஒரே கூடையில் போடாதீர்கள். பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் கிழங்கு சீக்கிரம் முளைவிடும். தேங்காயைக் குடுமியோடு கேட்டு வாங்குங்கள். கடைக்காரர் உதவி செய்வதாக நினைத்துக் குடுமியைப் பிய்த்துத் தருவார். கண் திறந்த தேங்காய் நம் ஊர்ப் புழுக்கத்தில் சில நாளிலேயே மணக்கத் தொடங்கும். குடுமியோடு இருந்தால் பத்து நாள் தாங்கும்.

மரக்கறிக்குச் சேமிப்பு வேண்டாம். வெள்ளவத்தைச் சந்தை உங்கள் காலடியில் இருக்கிறது. பூசணி மட்டும் வெட்டாத காயாக ஒன்று வாங்கி வையுங்கள்.

கேள்வி: ஸ்காபுரோவில் இருக்கும் மகள், அங்கே ஒரு மாதம் கடைகள் மூடிக் கிடந்ததாகச் சொல்கிறாள். இங்கேயும் அப்படி ஆகுமா?
– வாசகர், பம்பலப்பிட்டி

பதில்: அவர் சொல்வது 2023இல் கனடாவின் டொரொன்டோ பகுதியில் மெட்ரோ என்ற சுப்பர் மார்க்கெட் சங்கிலியின் கடைகளில் நடந்தது. 27 கடைகள், ஏறத்தாழ 3,700 ஊழியர்கள். ஜூலை 29இல் தொடங்கி ஓகஸ்ட் கடைசி வரை போனது. தங்கள் சங்கம் பேசி முடித்து வந்த உடன்பாட்டை ஊழியர்களே வாக்களித்து நிராகரித்துவிட்டுத்தான் வெளியே வந்தார்கள். அதில் கவனிக்க வேண்டியது ஓகஸ்ட் பிற்பகுதி. மறியல் கடை வாசலிலிருந்து விநியோகக் களஞ்சியத்துக்கு நகர்ந்தது. உடனே, வேலைநிறுத்தமே நடக்காத கடைகளிலும் பச்சை மரக்கறி, பால் வருவது தடைப்பட்டது. நிறுவனம் நீதிமன்றத்துக்கு ஓடியது அதற்குப் பிறகுதான்.

கொழும்பிலும் பெரிய சங்கிலிக் கடைகள் மத்திய களஞ்சியத்தை நம்பியே இருக்கின்றன. ஆகவே "எத்தனை கடை மூடியிருக்கிறது" என்று எண்ணாமல் "களஞ்சியத்திலிருந்து லொறி வருகிறதா" என்று விசாரியுங்கள். ஆனால் நமக்கு வேறு வழிகள் இருக்கின்றன. புறக்கோட்டைக் குறுக்குத் தெருக்களின் மொத்தக் கடைகள், பேலியகொடைக்கு இடம் மாறிய மெனிங் மரக்கறி மொத்தச் சந்தை, அதே ஊரிலுள்ள மத்திய மீன் சந்தை, நாரஹேன்பிட்டி பொருளாதார மத்திய நிலையம், வாசலுக்கு வரும் மீன்காரர், இவர்கள் யாரும் அந்தக் களஞ்சியத்தில் தங்கியிருப்பவர்கள் அல்லர். ஆபத்து நாட்டளாவிய ஹர்த்தாலில்தான். 2022 மே 6ஆம் திகதி போல எல்லாம் ஒன்றாகப் பூட்டிய நாளில் தெருமுனைக் கடையும் கைகொடுக்காது.

கேள்வி: சூன் பாண் வண்டியும் நிற்குமா?
– வாசகர், தெஹிவளை

பதில்: நிற்காது. பாட்டுப் போட்டுக்கொண்டு தெருத் தெருவாக வரும் அந்தப் பாண்காரர் தனி பேக்கரியிலிருந்து எடுத்து விற்பவர். ஆனால் வழமையை விட முன்கூட்டியே தீர்ந்துவிடும். பாட்டுச் சத்தம் கேட்ட பிறகு சட்டை தேடாதீர்கள்.

கேள்வி: சிறிய பலசரக்குக் கடை வைத்திருக்கிறேன். பக்கத்துச் சுப்பர் மார்க்கெட் மூடினால் ஆட்கள் இங்கேதான் வருவார்கள். எதைக் கூடுதலாகப் போடலாம்?
– கடைக்காரர், கொட்டாஞ்சேனை

பதில்: பருப்பையும் சீனியையும் மூட்டை மூட்டையாக இறக்காதீர்கள். வேலைநிறுத்தம் முடிந்த மறுநாள் அங்கே சலுகை விலைப் பலகை ஏறும், உங்கள் காசு மூட்டைக்குள் முடங்கும். கூட்டத்தை இழுப்பது மரக்கறி, தேங்காய், முட்டை, பாண்.

முதல் நாள் மரக்கறியை வழமையைவிட ஒன்றரை மடங்குக்கு மேல் எடுக்க வேண்டாம். மாலையில் என்ன மிஞ்சியது என்று பார்த்து அடுத்த நாள் கூட்டுங்கள். கீரை பொழுதுபடுவதற்குள் வாடும்; கரட், பீட்ரூட், பூசணி நின்று பிடிக்கும். மெனிங் சந்தைக்கு விடியுமுன் போய்விட வேண்டும். அடக்கவிலை போடும்போது பலர் தவறுவது கழிவில். 20 கிலோ போஞ்சி வாங்கி, தெரிவில் 2 கிலோ போனால், கொடுத்த காசை 18ஆல் வகுக்க வேண்டும். ஓட்டோக் கூலியையும் சேர்த்துத்தான் வகுக்க வேண்டும். இதை விட்டால் நாள் முழுக்க நிறுத்துக் கொடுத்துவிட்டு, இரவில் லாபம் எங்கே என்று தேட வேண்டிவரும்.

புதிதாக வருபவர்கள் கார்டில் பழகியவர்கள், கையில் காசு இருக்காது. போனால் ஸ்கேன் செய்து காசு கட்டும் லங்கா க்யூஆர் அட்டை இல்லையென்றால் உங்கள் வங்கியில் இப்போதே கேளுங்கள். காசு இருப்பவர்கள் 5,000 ரூபாய்த் தாள் நீட்டுவார்கள். 100, 50, 20 ரூபாய்த் தாள்களை முன்கூட்டியே மாற்றி வையுங்கள். கடன் கொப்பி பழைய ஆட்களுக்கு மட்டும்.

மூன்று விடயத்தில் மாட்டிக்கொள்ளாதீர்கள். பொதியில் அச்சிட்ட உச்ச சில்லறை விலைக்கு மேல் ஒரு ரூபாயும் வாங்கக் கூடாது. சாமானை உள்ளே வைத்துக்கொண்டு "இல்லை" என்பதும், "பால்மா வேண்டுமென்றால் பிஸ்கற்றும் எடுங்கோ" என்பதும் கூடாது. 2021 பால்மாத் தட்டுப்பாட்டில் இந்தக் கடைசி வேலையைச் செய்து அகப்பட்டவர்கள் உண்டு. பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபையின் 1977 இலக்கம் எல்லாருடைய போனிலும் இருக்கிறது. தராசில் இந்த வருடத்து முத்திரை இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். கூட்டம் கூடும் நாளில்தான் பரிசோதகரும் வருவார்.

கேள்வி: சுப்பர் மார்க்கெட்டில் நான்கு வருடமாக வேலை. சங்கம் இல்லை. வேலைநிறுத்தம் செய்தால் சம்பளம், சேமலாப நிதி எல்லாம் போய்விடுமா?
– பெயர் வேண்டாம், இரத்மலானை

பதில்: வேலை செய்யாத நாளுக்குச் சம்பளம் கிடையாது. சேமலாப நிதி சம்பாத்தியத்தில் உங்கள் 8 வீதம், முதலாளியின் 12 வீதம் என்பதால் அந்த மாதம் அதுவும் குறையும். ஏற்கெனவே சேர்ந்த காசில் யாரும் கைவைக்க முடியாது.

சங்கம் இல்லாமல் இறங்குவதுதான் பலவீனம். தொழிற்சங்கச் சட்டம் தரும் பாதுகாப்பு, பதிவு செய்த சங்கத்துக்கே. பதிவுக்கு ஏழு பேர் போதும். ஆனால் முதலாளியைப் பேச்சு மேசைக்குக் கட்டாயப்படுத்த, கைத்தொழில் பிணக்குகள் சட்டத்தின் 1999ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி ஊழியரில் 40 வீதம் அங்கத்தவராக இருக்க வேண்டும். எண்ணத் தொடங்குமுன் நியமனக் கடிதத்தை எடுத்துப் பாருங்கள். அதில் கடையின் பெயர் இருக்கிறதா, ஆள் வழங்கும் ஏஜென்சியின் பெயரா? ஒரே சீருடை போட்டு நிற்பவர்களில் பாதிப் பேர் வேறு முதலாளியின் ஆட்களாக இருப்பது உண்டு. கணக்குப் பிழைப்பது இங்கேதான்.

உங்கள் தொழில் அத்தியாவசியக் கைத்தொழில் என்று அமைச்சர் கட்டளையிட்டிருந்தால் 21 நாள் எழுத்து மூல முன்னறிவித்தல் வேண்டும். 1979ஆம் ஆண்டின் அத்தியாவசியப் பொதுச் சேவைகள் சட்டம் வேறு. அது அரசு, கூட்டுத்தாபனம், கூட்டுறவு போன்றவற்றுக்கானது, தனியார் சங்கிலிக் கடைக்கானதல்ல. இரண்டையும் குழப்பிப் பயமுறுத்துபவர்கள் இருப்பார்கள்.

வெளியே இறங்குமுன் இன்னொன்று. கடை, அலுவலக ஊழியர் சட்டத்தில் வாரம் 45 மணித்தியாலம். அதற்கு மேல் ஒன்றரை மடங்கு, அதுவும் வாரம் 12 மணித்தியாலத்துக்குள். மூன்று மாதத்து வரவு நேரத்தையும் சம்பளச் சீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். குறைந்திருந்தால் தொழில் திணைக்களத்துக்குத் தமிழிலேயே முறைப்பாடு எழுதலாம். அதற்குச் சங்கமும் தேவையில்லை, ஒரு நாள் சம்பளமும் போகாது. வேலையை விட்டு நிறுத்தினால் தொழில் நியாய சபைக்கு ஆறு மாதத்துக்குள் போக வேண்டும்.

கேள்வி: செயலியில் 14 பொருள் ஓர்டர் செய்தேன். 6 மட்டும் வந்தது. ஆனால் செயலியில் எல்லாம் இருப்பதாகவே காட்டியது. ஏன்?
– வாசகி, கொள்ளுப்பிட்டி

பதில்: செயலி காட்டுவது கணினியில் உள்ள இருப்பை. பின்னறைப் பெட்டியும் அதில் சேரும். தட்டிலிருந்து பொறுக்கி எடுப்பவர் கடை ஊழியரே. அவர் இல்லாத நாளில் அகப்பட்டதைத்தான் அனுப்புவார்கள். அப்படியான நாளில் கார்டில் முற்பணம் கட்டாமல், கையில் கிடைத்த பிறகு காசு கொடுக்கும் முறையைத் தெரிவு செய்யுங்கள். கார்ட் பணம் திரும்பி வர நாட்கள் எடுக்கும்.

கேள்வி: மூடியிருந்த கடை திறந்த அன்று உறைந்த கோழி வாங்கலாமா?
– வாசகி, மட்டக்குளி

பதில்: அன்றைக்குத்தான் கூடுதலாகப் பார்த்து வாங்க வேண்டும். உறைபெட்டி -18 பாகை செல்சியஸில் ஓடியிருந்தால் பிரச்சினை இல்லை. இடையில் நின்று மறுபடி ஓடியிருந்தால் பொதியே சொல்லும். கோழிப் பொதியின் அடியில் சிவந்த நீர் தட்டையாக உறைந்திருக்கும், உள்ளே பனி கட்டி கட்டியாகத் திரண்டிருக்கும். உறைந்த பட்டாணிப் பையைக் குலுக்குங்கள். மணிமணியாக உருள வேண்டும், ஒரே பாளமாக இருந்தால் வைத்துவிடுங்கள். யோகட் மூடி உப்பியிருந்தால் தொடவே வேண்டாம். பாதி விலை ஸ்டிக்கர் ஒட்டிய இறைச்சியை அன்றே சமைப்பதென்றால் மட்டும் எடுங்கள். பொதியைத் திறந்ததும் மணம் பிடிக்காவிட்டால் கழுவிப் பார்க்காதீர்கள். பில்லோடு அப்படியே கடைக்குக் கொண்டுபோங்கள்.