மரக்கப்பல் மாதிரி: கேட்டவையும் பதில்களும்

கேள்வி: முதல் முறையாகச் செய்யப் போகிறேன். விக்டரி என்ற பழைய பிரிட்டிஷ் போர்க்கப்பலின் கிட் (செய்வதற்கான பாகங்கள் அடங்கிய பெட்டி) வாங்கலாமா?

வேண்டாம். மூன்று பீரங்கித் தளங்கள், நூற்றுக்கு மேல் பீரங்கிகள், மூன்று பாய்மரங்கள். ஒரே வேலையை நூறு முறை செய்ய வேண்டியிருக்கும், முதல் பத்து நன்றாக வராது. ஒற்றைப் பாய்மரப் படகு ஒன்றில் தொடங்குங்கள். பலகை பதிப்பது, பாய்மரம் சீவுவது, கயிறு கட்டுவது எல்லாமே அதிலும் இருக்கிறது.

கேள்வி: பலகை பதிக்கும்போது நடுவில் சரியாக உட்காருகிறது. முன்முனைக்கு வந்ததும் ஒன்றன்மேல் ஒன்று ஏறுகிறது. பலகையை இன்னும் வளைக்க வேண்டுமா?

வளைப்பதால் இது தீராது. கப்பலின் உடல் நடுவில் பருத்தும் முனையில் ஒடுங்கியும் இருக்கிறது. ஒரே அகலப் பலகைகள் இரண்டு இடத்திலும் எப்படி அடங்கும்? நடு ஃபிரேமில் (விலா எலும்பு போன்ற குறுக்குச் சட்டத்தில்) மேல்தளத்திலிருந்து கீல் (அடியில் நீளவாக்கில் ஓடும் முதுகு மரம்) வரை சுற்றளவு 120 மி.மீ., பலகை 5 மி.மீ. என்றால் 24 வரிசை வேண்டும். முன்முனையில் அதே சுற்றளவு 72 மி.மீ.தான் என்றால், அங்கே ஒவ்வொரு பலகையும் 3 மி.மீ.க்கு ஒடுங்கியாக வேண்டும். அந்த ஒடுக்கத்தை ஒட்டுவதற்கு முன்பே சீவிவிட வேண்டும்.

அளக்க ஒரு காகிதப் பட்டை போதும். ஃபிரேமின் விளிம்பில் வைத்து, தளத்தையும் கீலையும் குறித்துக்கொண்டு, அந்த நீளத்தை வரிசைகளின் எண்ணிக்கையால் வகுங்கள். எல்லா ஃபிரேமுக்கும் இதைச் செய்யுங்கள். எங்கேயாவது பலகை தன் அகலத்தில் பாதிக்கும் கீழே போனால் அதற்கு மேல் ஒடுக்காதீர்கள். இரண்டு பலகையை ஒன்றாக முடித்து, ஒரே பலகையாகத் தொடருங்கள். பின்பக்கம் பெரும்பாலும் நேர்மாறாக இருக்கும். அங்கே சுற்றளவு கூடுவதால் இடையில் ஆப்பு வடிவப் பலகை செருக வேண்டிவரும்.

கீலை ஒட்டிய முதல் பலகையை முன்முனையில் மேலே ஏறவிடாதீர்கள். அது ஏறினால் அதற்கு மேலுள்ள அத்தனை வரிசையும் நெரிபடும். அப்புறம், பலகையைத் தொடுவதற்கு முன் ஃபிரேம்களின் விளிம்பைச் சாய்வாகத் தேயுங்கள். மெல்லிய பட்டை ஒன்றைக் குறுக்கே வைத்தால் அது எல்லா ஃபிரேமிலும் முழு விளிம்பையும் தொட வேண்டும். பொறுமை முழுவதையும் செலவழிக்க வேண்டிய இடம் இதுதான். பின்னால் வரும் கோணல்களில் பெரும்பாலானவை இங்கே அவசரப்பட்டதால் வருகிறவை.

கேள்வி: பலகையை வளைக்க அம்மோனியாவில் ஊறவைக்கச் சொல்கிறார்களே?

தேவையில்லை. தொழிற்சாலையில் மரத்தை இளக்குவது நீர் கலவாத அம்மோனியா. வீட்டுக் கரைசலில் பெரும்பகுதி தண்ணீர்தான். வளைந்து கொடுப்பதற்குக் காரணம் அந்தத் தண்ணீரும் நீங்கள் காட்டும் சூடும். ஓக், வால்நட் போன்ற மரங்களை அம்மோனியா கருக்கவும் செய்யும். அரை மணி நேரம் தண்ணீரில் ஊறவைத்து, சூடு காட்டி வளைத்து, அப்படியே பிடித்துக் காயவிடுங்கள். ஈரத்தோடு ஒட்டாதீர்கள், காய்ந்ததும் சுருங்கி இடைவெளி விடும்.

கேள்வி: சூப்பர் குளூ போதுமா?

பலகைக்கு வெள்ளை மரப்பசையே நல்லது. சூப்பர் குளூ ஒட்டு நொறுங்கும் தன்மையுடையது, ஆவி கண்ணை எரிக்கும், கசிந்த இடத்தில் வார்னிஷ் ஏறாது.

கேள்வி: எந்த உப்புத்தாள் வாங்குவது?

120, 220, 400 எண் தாள்கள். கூடவே நல்ல முகமூடி. மரத்தூளை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் முதல் பிரிவில் உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை வைத்திருக்கிறது. கருங்காலி, ரோஸ்வுட் தூள் சிலருக்கு ஒவ்வாமையும் தரும். பொழுதுபோக்குதானே என்று விட்டுவிடாதீர்கள்.

கேள்வி: என்னுடைய எண்டெவர் கப்பலுக்கு அடியில் ஆணிப் புடைப்பு உள்ள செப்புத் தகடு ஒட்டலாமா?

கூடாது. கேப்டன் ஜேம்ஸ் குக் 1768-இல் எண்டெவரில் புறப்பட்டபோது அதற்குச் செப்புக் கவசம் இல்லை, மரக் கவசம்தான். பிரிட்டிஷ் கடற்படை 1761-இல் அலார்ம் என்ற கப்பலில் செம்பைச் சோதித்தது. விக்டரிக்கே 1780-இல்தான் செம்பு வந்தது. பழைய கப்பல்களுக்கு அடிப்பகுதியில் வெளிறிய பூச்சு கொடுங்கள்.

அந்தப் புடைப்பு எந்தக் கப்பலுக்குமே வேண்டாம். அசல் தகடு சுமார் 4 அடிக்கு 14 அங்குலம். 1:72 அளவில், அதாவது அசலில் 72-இல் ஒரு பங்காகச் செய்தால், 17-க்கு 5 மி.மீ. ஆணித்தலை ஒன்றரை செ.மீ. என்றே வைத்தாலும் அது 0.2 மி.மீ.தான் வரும். கிட்டில் வரும் அரை மி.மீ. புடைப்பு அசலில் 36 மி.மீ. குமிழாகிவிடுகிறது.

மறுப்பு: கட்டி சார்க் என்ற பழைய பாய்க்கப்பலின் படங்களில் ஆணி வரிசை நன்றாகத் தெரிகிறதே!

கட்டி சார்க் 1869-இல் கட்டியது, அதன் கவசம் மன்ட்ஸ் உலோகம் என்ற பித்தளை வகை. ஆனால் உங்கள் கேள்வி நியாயமானது. அந்தப் படங்கள் சில அடி தூரத்தில் எடுத்தவை. 1:72 மாதிரியை ஒரு மீட்டர் தள்ளி நின்று பார்ப்பது, அசலை 72 மீட்டர் தள்ளி நின்று பார்ப்பதற்குச் சமம். அங்கிருந்து ஆணி தெரியுமா?

இன்னொருவர்: அப்படியானால் மர ஆணிகளையும் விட்டுவிட வேண்டியதுதானே?

சிறிய அளவுகளில் விட்டுவிடத்தான் சொல்வேன். 1:48-இல் மர ஆணி 0.8 மி.மீ. அளவில் வரும்; பலகையின் நிறத்திலேயே வைத்தால் அழகு. 1:96-இல் அது 0.4 மி.மீ. கருப்புப் புள்ளிகளாக வைத்தால் கப்பலுக்கு அம்மை போட்டது மாதிரி ஆகிவிடும்.

முதலில் மறுத்தவர்: பார்ப்பவர்களுக்கு ஆணி இருந்தால்தான் பிடிக்கிறது.

அது உங்கள் விருப்பம், உங்கள் கப்பல். அளவுக்குச் சரியா என்று கேட்டால் என் பதில் மாறாது. உண்மையில் ஒரு தகட்டின் ஓரம் அடுத்ததன்மேல் ஏறியிருக்கும் வரிசைதான் கண்ணுக்குத் தெரிய வேண்டியது. அதை ஒழுங்காகக் கொண்டுவந்தாலே செப்பு அடிப்பகுதி உயிர் பெறும். ஒட்டிய பின் விரல்ரேகையை ஆல்கஹாலால் துடைத்துவிட்டு, தானாகக் கருக்கவிடுங்கள்.

கேள்வி: பலகைகள் முன்முனையில் ஏறுகின்றன, என்ன செய்வது?

இரண்டாவது பதிலைப் பாருங்கள்.

கேள்வி: கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் பழைய மாதிரியின் பீரங்கிகளில் வெள்ளைப் பொடி படிந்திருக்கிறது. பூஞ்சையா?

ஈயத்தில் வார்த்த பீரங்கிகளாக இருந்தால், அது ஈயம் அரிப்பது. மரமும், குறிப்பாக ஓக்கும், சில பசைகளும் அசெட்டிக் அமில ஆவியை விடுகின்றன. மூடிய பெட்டிக்குள் அது தேங்கி, காற்றிலுள்ள கரியமில வாயுவோடு சேர்ந்து ஈயத்தை வெள்ளைக் கார்பனேட்டாக்குகிறது. தொடங்கினால் உள்ளே வரை தின்றுவிடும். மேலே பெயின்ட் அடிப்பது நம்பகமான காப்பு இல்லை.

அந்தப் பொடி நஞ்சு. ஊதாதீர்கள், வெறுங்கையால் தட்டாதீர்கள். கையுறை போட்டு பீரங்கிகளை எடுத்துவிட்டு, பித்தளையிலோ ஈயமில்லாத வார்ப்பிலோ மாற்றுங்கள். பெட்டியின் அடியில் காற்றுத் துளைகள் விடுங்கள். தூசு வராமல் துளைகளுக்குத் துணி ஒட்டலாம். பழைய கிட் வாங்குகிறவர்கள் எல்லோரும் முதலில் வார்ப்புகளைச் சோதியுங்கள்.

கேள்வி: மோட்டார் வைத்து ஓடவிட முடியுமா?

நான் காட்சி மாதிரிகள் மட்டும் செய்கிறேன். ரேடியோ படகு செய்பவர்களைக் கேளுங்கள்.

கேள்வி: முன்முனையில் பலகை இடைவெளியை மரப் புட்டியால் நிரப்பலாமா?

மேலே இன்னொரு பலகை அடுக்கு வருமானால் நிரப்பலாம். வராதென்றால், மீண்டும் இரண்டாவது பதில்தான்: அளந்து, சீவி, அப்புறம் ஒட்டுங்கள்.

கேள்வி: ஏணிக் கயிறுகளுக்கு (பக்கவாட்டுக் கயிறுகளின் குறுக்கே படி போலக் கட்டுபவை) இடைவெளி எவ்வளவு? நிறம்?

அசலில் 13 முதல் 15 அங்குலம். 1:64-இல் 5 முதல் 6 மி.மீ. கோடு போட்ட அட்டையைப் பின்னால் வைத்துக் கட்டுங்கள். பாய்மரத்தைத் தாங்கும் நிலையான கயிறுகள் தார் பூசியவை, கரும்பழுப்பு நிறம் வேண்டும். பாயை இழுக்கும் கயிறுகள் வெளிர் நிறம். ஏணிக் கயிற்றை இறுக்கிக் கட்டாதீர்கள்; பக்கவாட்டுக் கயிறுகள் உள்ளே இழுபட்டு வளைந்துவிடும். கீழிருந்து சில வரிசை கட்டியதும் தள்ளி நின்று நேராக இருக்கிறதா என்று பாருங்கள், பிறகு மேலே போங்கள்.