128 எம்பி3 பாட்டை ஃபிளாக்காக மாற்றினால் ஒலி நன்றாகுமா?

கேள்வி: "அப்பா சேர்த்து வைத்த நாலாயிரம் பாட்டு எம்பி3யாக இருக்கிறது, பெரும்பாலும் 128 கேபிபிஎஸ். எல்லாவற்றையும் ஃபிளாக்காக மாற்றினால் தரம் கூடுமா? சில பாட்டு கார் பிளேயரில் ஓடவும் மாட்டேன் என்கிறது. எந்த ஃபார்மட்டில் வைப்பது?"

தரம் கூடாது. எம்பி3 ஒலியில் ஒரு பகுதியை எறிந்துவிட்டுச் சுருக்குவது, ஃபிளாக் எதையும் எறியாமல் சுருக்குவது. மாற்றினால் கோப்புதான் ஐந்தாறு மடங்கு பெருத்துப்போகும், காதுக்கு வருவது அதே 128. இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை, இழந்து தெரிந்துகொண்டேன். அதனால் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன்.

எனக்கு ஊர் மலேசியாவில் பத்தாங் பெர்ஜுந்தை. 2007இல் பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாற்றிவிட்டார்கள், எங்கள் வாயில் இன்னும் பழைய பெயர்தான் வருகிறது. தாத்தா ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர், அதாவது மரத்தைக் கீறிப் பால் எடுத்தவர். மாரியம்மன் கோயில் திருவிழா வந்தால் உருமி மேளம் அவர் கையில்தான் இருக்கும். 1989 திருவிழா ராத்திரியில் சித்தப்பா ரேடியோவைக் கோயில் திண்ணையில் வைத்து, ஓர் அறுபது நிமிடக் கேசட்டில் அதைப் பதிந்து வைத்தார். தாத்தா வாசித்தார் என்பதற்கு எங்கள் வீட்டில் இருப்பது அது ஒன்றுதான்.

2006இல் அந்தக் கேசட்டைக் கம்ப்யூட்டரில் ஏற்றினேன். ஹார்ட் டிஸ்க் 40 ஜிபி, அதில் பாதி ஏற்கெனவே நிரம்பியிருந்தது. சுருக்காத ஒலியான வேவ் கோப்பு நிமிடத்துக்குப் பத்து எம்பி பிடிக்கும், கேசட்டின் ஒரு பக்கமே 300 எம்பி. 'ஏ' பக்கத்தை 128 எம்பி3யாக்கிவிட்டு வேவை அழித்தேன். 'பி' பக்கத்தை மாற்றுவதற்குள் பரீட்சை வந்துவிட்டதால், அதை வேவாகவே ஒரு சிடியில் எழுதிப் போட்டேன். அடுத்த முறை கேசட்டை எடுத்தபோது நாடா முழுக்கப் பூஞ்சணம். ஓட்டிப் பார்த்தோம், அறுந்தது. ஒட்டிப் பார்த்தோம், பிடித்த இடமெல்லாம் உதிர்ந்தது.

ஆக, ஒரே ராத்திரி, ஒரே ரேடியோ, ஒரே ஆள் வாசித்தது, ஒரு பாதி எம்பி3யாகவும் மறுபாதி வேவாகவும் என்னிடம் இருக்கிறது. உருமியில் ஒரு பக்கத் தோலை வளைந்த குச்சியால் தேய்ப்பார்கள், மறுபக்கத்தை அடிப்பார்கள். 'பி' பக்கத்தில் அந்தத் தேய்ப்பு 'உர்ர்ர்' என்று எழும்போது, குச்சி தோலில் வழுக்கிப் பிடிக்கும் சொரசொரப்பு வரை கேட்கிறது. நடுவில் தாத்தா "டேய், எடம் விடுங்கடா" என்று யாரையோ அதட்டுவதும் தெளிவாக இருக்கிறது. 'ஏ' பக்கத்தில் அந்தச் சொரசொரப்பு மழுங்கிவிட்டது. ஜால்ரா தண்ணீருக்குள் தட்டுவதுபோல் கலங்கிக் கேட்கிறது. தப்பு மேளத்தில் அடி விழுவதற்கு முன்பே மெல்லிசாக ஒரு 'உஸ்' வருகிறது.

அந்த 'உஸ்' எங்கிருந்து வந்தது என்பதில்தான் உங்கள் கேள்விக்கான பதிலும் இருக்கிறது. சிடி ஒலி வினாடிக்கு 1411 கிலோபிட். 128 என்றால் பதினொன்றில் ஒரு பங்கு. மீதியை எம்பி3 'இதைக் காது கவனிக்காது' என்று கணக்குப் போட்டுத் தூக்கி எறிகிறது. இந்தக் கணக்கை அது சுமார் 26 மில்லிசெகண்டு நீளமுள்ள துண்டுகளாகப் போடுகிறது. அமைதியாக இருந்த இடத்தில் திடீரென அடி விழுந்தால், கணக்கில் வந்த பிழை அடியோடு நிற்காமல் துண்டின் முன்பகுதிக்கும் பரவிவிடும். அதுதான் அந்த 'உஸ்'. கேசட் பதிவுக்கு இன்னொரு கேடும் உண்டு. நாடாவின் இரைச்சலுக்கு ஓர் ஒழுங்கு கிடையாது, அதனால் அதைச் சுருக்குவது கடினம். இருக்கிற கொஞ்ச பிட்டையும் அது பங்கு கேட்கும், வாத்தியத்துக்கு மிஞ்சுவது குறைந்துபோகும்.

இப்படி எறிந்தது எங்கேயும் எழுதி வைக்கப்படுவதில்லை. ஃபிளாக் நல்ல பெட்டகம், கொடுத்ததை ஒரு பிட் குறையாமல் காக்கும். கொடுக்காததை அது எங்கே போய்க் கொண்டுவரும்? ரப்பர் பாலை ஆசிட் ஊற்றி உறைய வைத்து, மெஷினில் அழுத்தி, புகை போட்டு ஷீட்டாக்கிய பிறகு அதைத் திரும்பப் பாலாக்கித் தா என்று எங்கள் தோட்டத்தில் யாரும் கேட்டதில்லை.

இன்னொரு தவறையும் சொல்லிவிடுகிறேன், நீங்கள் செய்துவிடக் கூடாது. சில வருடம் கழித்து ஹேண்ட்போனுக்காக அந்த 'ஏ' பக்க எம்பி3யையே மறுபடி 96 ஏஏசியாக மாற்றினேன். எம்பி3 போலவே எறிந்து சுருக்கும் இன்னொரு ஃபார்மட் அது. அதே பிட் அளவில் ஏஏசி எம்பி3யைவிடத் திறமையானதுதான். ஆனால் ஏற்கெனவே எறிந்ததன் மேல் அது தன் கணக்குப்படி இன்னொரு தடவை எறிந்தது. ஜால்ரா இருக்கிற இடமே தெரியவில்லை. அன்றிலிருந்து எனக்கு ஒரே வழக்கம்: தாய்ப் பிரதியிலிருந்து மட்டுமே மாற்றுவது, மாற்றியதிலிருந்து மாற்றுவதே இல்லை.

உங்கள் நாலாயிரம் பாட்டில் ஓடுகிற எதையும் தொடாதீர்கள். கார் பிளேயரில் ஓடாதவை, எம்பி3 என்று நீங்கள் நினைத்தாலும், பெரும்பாலும் டபிள்யூஎம்ஏ அல்லது எம்4ஏ என்ற வேறு ஃபார்மட் கோப்புகளாக இருக்கும். கோப்பின் பெயரில் கடைசி எழுத்துகளை எம்பி3 என்று திருத்துவது மாற்றம் ஆகாது, உள்ளே இருப்பது அப்படியேதான் இருக்கும். ஃபூபார் 2000, ஆடாசிட்டி, எஃப்எஃப்எம்பெக் மூன்றுமே இலவசம். ஓடாததை மட்டும் 256 அல்லது 320 எம்பி3யாக மாற்றிப் பெண்டிரைவில் போடுங்கள், பழைய கோப்பை வீட்டில் அப்படியே வையுங்கள். இங்கேயும் கொஞ்சம் இழப்பு உண்டு, பிட் அளவு கூட இருப்பதால் காதில் அவ்வளவாகத் தட்டாது. பாட்டே ஓடாமல் பெண்டிரைவையே கார் கண்டுகொள்ளவில்லை என்றால், அதை ஃபேட்32 முறையில் ஃபார்மட் செய்து பாருங்கள்.

'320 தரம்' என்று இணையத்தில் கிடைப்பதையும் நம்பிவிடாதீர்கள். 128ஐ ஊதி 320 ஆக்கியது அதில் நிறைய. ஆடாசிட்டியில் ஸ்பெக்ட்ரோகிராம் காட்சியை, அதாவது ஒலியின் அதிர்வெண்களைக் காட்டும் படத்தை, போட்டுப் பாருங்கள். 16 கிலோஹெர்ட்ஸை ஒட்டிக் கத்தியால் வெட்டியதுபோல் எல்லாம் நின்றுவிட்டால் அது ஊதிய கோப்பாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

பாட்டின் பெயர் பிளேயரில் கட்டம் கட்டமாக வருகிறதா? பாட்டின் பெயர், பாடகர் பெயரை எம்பி3 கோப்புக்குள் எழுதி வைக்கும் டேக்குக்கு ஐடி3 என்று பெயர். அதன் பழைய முதல் பதிப்பில் பெயருக்கு 30 பைட்தான் இடம், யூனிகோடும் கிடையாது. யூடிஎஃப்-8 என்ற யூனிகோட் முறையில் தமிழுக்கு ஒரு குறியீட்டுக்கே மூன்று பைட் வேண்டும். ஐடி3 2.3 பதிப்பில் டேக் எழுதினால் பல கருவிகளில் தமிழ் சரியாக வரும்.

உங்களுக்கு உண்மையிலேயே நல்ல ஒலி வேண்டுமென்றால், அது அப்பாவின் அலமாரியில் இருக்கலாம். சிடியோ கேசட்டோ அங்கே மிச்சம் இருந்தால் அதிலிருந்து புதிதாக எடுத்து ஃபிளாக்காக வையுங்கள். வேவில் பிடிக்கும் இடத்தில் ஏறக்குறையப் பாதிதான் பிடிக்கும். ஒலியின் சரிபார்ப்பு எண்ணைக் கோப்பே தன்னுள் வைத்திருப்பதால், பத்து வருடம் கழித்தும் கெட்டிருக்கிறதா என்று சோதிக்கலாம். 2001இலிருந்து இருக்கிற ஃபார்மட், யாருக்கும் காசு கட்டவேண்டியதில்லை. எங்கள் 'பி' பக்கம் அப்படித்தான் இரண்டு ஹார்ட் டிஸ்கில், இரண்டு வீட்டில் இருக்கிறது. போன திருவிழாவுக்கு உருமிக் குழுப் பையன்கள் கேட்டபோது அதிலிருந்துதான் ஒரு 320 எம்பி3 எடுத்துக் கொடுத்தேன். 'ஏ' பக்கத்தை 2006இல் இருந்தபடியே விட்டுவைத்திருக்கிறேன்.

கேசட் கிடைத்தால் ஓட்டுவதற்கு முன் நாடாவின் ஓரத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். வெள்ளையாகப் பொடி தெரிந்தால் பிளேயரில் போடாதீர்கள், முதலில் தெரிந்தவர் ஒருவரிடம் காட்டுங்கள்.