கார் எஞ்சின் ஆயிலையும் ஸ்பார்க் பிளக்கையும் நாமே வீட்டில் மாற்றிக்கொள்ள முடியுமா?

தாராளமாக முடியும். ஆனால் எதை முதலில் செய்கிறோம் என்பதில் விஷயம் இருக்கிறது. நான் தலைகீழாகச் செய்து மாட்டிக்கொண்டவன்.

அப்போது என்னிடம் இருந்தது பழைய மாருதி 800. ஆயில் சூடாக இருந்தால்தான் இளகி, அழுக்கையும் இழுத்துக்கொண்டு வடியும். அதனால் ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து அடியில் ஆயில் வடிக்கிற டிரெயின் போல்ட்டைக் கழற்றினேன். ஆயில் வடிகிற நேரத்தில் சும்மா இருப்பானேன் என்று பிளக்கிலும் கை வைத்தேன். மூன்று சிலிண்டர், மூன்று பிளக். இரண்டு ஒழுங்காக வந்தன. மூன்றாவது இறுகிக் கிடந்தது. நீளக் கைப்பிடி போட்டு ஒரே அழுத்து. பிளக் வந்தது, ஹெட்டின், அதாவது சிலிண்டர்களை மேலே மூடியிருக்கும் பாகத்தின், மரையும் கூடவே வந்தது. அலுமினிய ஹெட் சூடாக இருக்கும்போது பிளக்கில் கை வைக்கக் கூடாதாம். அப்புறம் ஹெட்டை இறக்கி, லேத் பட்டறையில் புது மரை போட வேண்டியதாயிற்று. மெக்கானிக் சிரித்தார், பில் சிரிக்கவில்லை.

இப்போது காலையில் எஞ்சின் ஆறிக் கிடக்கும்போதே பிளக் வேலையை முடித்துவிடுகிறேன். குழியைச் சுற்றியுள்ள மண்ணை முதலில் ஊதிவிட வேண்டும், இல்லாவிட்டால் சிலிண்டருக்குள் விழும். வயரை ஒவ்வொன்றாகத்தான் கழற்றுவேன், இடம் மாறினால் எஞ்சின் உதறும். கழற்றிய பிளக்கைப் பாருங்கள்: இளம்பழுப்பு என்றால் நல்லது, உலர்ந்த கரி என்றால் பெட்ரோல் அதிகமாகப் போகிறது, ஆயில் பிசுபிசுப்பு என்றால் பிஸ்டன் ரிங்கையோ வால்வு சீலையோ சந்தேகிக்கலாம். புதிய பிளக்கை வெறும் கையால் திருகி உட்காரவைத்த பிறகுதான் ஸ்பேனர்.

பிறகு வண்டியை ஓட்டிச் சூடாக்கி ஆயில் வேலை. ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுக்காதீர்கள், ஸ்டாண்டு கட்டாயம். ஆயில் ஃபில்டரையும் மாற்றும்போது, பழையதன் ரப்பர் வளையம் எஞ்சினிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். அதன்மேல் புதியதை மாட்டினால் ஆயில் பீய்ச்சி அடிக்கும். எந்த கிரேடு, எத்தனை லிட்டர் என்பதெல்லாம் வண்டியோடு வந்த புத்தகத்தில் இருக்கும். பழைய ஆயிலைச் சாக்கடையில் ஊற்றாமல் கேனில் பிடித்து ஒர்க்‌ஷாப்பில் கொடுத்துவிடுங்கள்.

உங்களுடையது டீசல் கார் என்றால் ஸ்பார்க் பிளக்கே கிடையாது, குளிர்ந்த எஞ்சின் கிளம்ப உள்ளே சூடேற்றிக் கொடுக்கும் குளோ பிளக்தான். அது உடைந்தால் பாதி ஹெட்டுக்குள்ளேயே நின்றுவிடும். அதை மட்டும் நான் தொடுவதில்லை, மெக்கானிக்கிடம் விட்டுவிடுகிறேன்.