கைக்கு வராத பேத்தியின் பிறந்தநாள்

அன்புள்ள ஐயா,

என் மகளும் மாப்பிள்ளையும் ஹூஸ்டனில் இருக்கிறார்கள். நம் நாட்டுப் பெண் குழந்தை ஒன்றைத் தத்தெடுக்க, தத்தெடுப்புகளைக் கவனிக்கும் மத்திய அரசு அமைப்பான காரா மூலம் பதிவு செய்து, குழந்தையும் முடிவாகிவிட்டது. வேறு மாநிலத்தில் ஓர் இல்லத்தில் இருக்கிறாள். பேப்பர் வேலை இன்னும் முடியவில்லை. அடுத்த மாதம் அவளுக்கு 4 வயது நிறைகிறது. கொண்டாடியே ஆக வேண்டும் என்கிறாள் மகள். என் நாத்தனாரோ, "கைக்கு வராத பிள்ளைக்கு இப்பவே என்ன கொண்டாட்டம், கண்ணு பட்டுடும்" என்கிறார். நட்சத்திரமும் தெரியவில்லை. என்ன செய்யட்டும்?

ஒரு வாசகி, நங்கநல்லூர்

அன்புள்ள அம்மா,

நீங்கள் எழுதியிருந்த குழந்தையின் பெயரையும் ஊரையும் எடுத்துவிட்டே வெளியிட்டிருக்கிறேன். காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

தாராளமாகக் கொண்டாடுங்கள். பிரசவத்துக்கு முன்னால் தொட்டில் வாங்கக் கூடாது, சட்டை தைக்கக் கூடாது என்பார்கள் நம் வீடுகளில். உங்கள் நாத்தனார் அந்தப் பழக்கத்தில் சொல்கிறார், அதில் பாசமும் இருக்கிறது. ஆனால் இவள் பிறந்து நாலு வருஷம் ஆகப்போகிறது. தத்து உத்தரவு வந்தாலும் வராவிட்டாலும் அந்தத் தேதியில் அவளுக்கு ஒரு வயது ஏறும். ஏதோ காரணத்தால் இந்தத் தத்து நின்றே போனாலும், பிறந்தநாளுக்கு யாரோ தன்னை நினைத்தார்கள் என்பதில் அவளுக்கு நஷ்டம் ஒன்றுமில்லை. வலி உங்களுக்கும் மகளுக்கும்தான். அதைப் பெரியவர்கள் தாங்கிக்கொள்ள வேண்டியதுதான்.

நட்சத்திரத்தைப் பற்றிக் கவலையே வேண்டாம். கைவிடப்பட்டுக் கிடைக்கிற குழந்தைகள் பலருக்குப் பிறந்த தேதியே டாக்டர் பார்த்து, வயதைக் கணித்து எழுதியதுதான். உங்கள் ஊர் ஆஞ்சநேயர் கோயிலில், "சுவாமி பேருக்கே அர்ச்சனை பண்ணுங்கோ" என்று சொன்னால் முடிந்தது.

யோசிக்க வேண்டியது இல்லத்தைப் பற்றித்தான். அங்கே அவள் தனியாக இல்லை. இன்னும் யாருக்கும் முடிவாகாத பிள்ளைகளும் கூடவே இருப்பார்கள். ஒருத்திக்கு மட்டும் பெரிய பொம்மையும் பட்டுப் பாவாடையும் போனால், பக்கத்துக் கட்டிலில் இருக்கிற பிள்ளை என்ன நினைக்கும்? அதனால் சாப்பாடு, இனிப்பு எதுவானாலும் அத்தனை பேருக்கும் சேர்த்துக் கொடுங்கள். எதை ஏற்பார்கள், வெளிச் சாப்பாடு உண்டா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

அவளுக்கென்று தனியாக ஒன்று அனுப்பலாம் என்றால், நான் சொல்வது போட்டோ ஆல்பம். பிஞ்சுக் கை புரட்டினாலும் கிழியாத தடித்த அட்டைப் பக்கங்கள், பக்கத்துக்கு ஒரே படம். அம்மா, அப்பா, அவள் தூங்கப்போகிற அறை, மாடிப்படி, அப்புறம் நங்கநல்லூர் வீட்டு ஊஞ்சலில் நீங்கள். ஸ்டூடியோவில் எடுத்த கல்யாணப் படம் வேண்டாம். வீட்டில் தினமும் இருக்கிற கோலத்திலேயே, கண்ணாடி போடுபவர் கண்ணாடியோடு இருக்கட்டும். நேரில் பார்க்கும்போது அவளுக்கு அடையாளம் தெரிய வேண்டும். இல்லத்து ஆயாக்கள் தினம் ஒருதரம் புரட்டிக் காட்டினால், ஏர்போர்ட்டில் அவளை வாரி அணைப்பவர்கள் முற்றிலும் அந்நியராக இருக்க மாட்டார்கள். இந்தப் பிறந்தநாளில் அவளுக்கு உண்மையாகவே பயன்படப்போவது அதுதான் என்று நினைக்கிறேன்.

வீடியோ காலுக்கு அனுமதி கிடைத்தால் பாடுங்கள், சிரிக்க வையுங்கள். "சீக்கிரம் வந்து கூட்டிட்டுப் போறோம்" என்று மட்டும் சொல்ல வேண்டாம். காராவின் தடையில்லாச் சான்று, தத்து உத்தரவு, புதிய பிறப்புச் சான்றிதழ், பாஸ்போர்ட், விசா என்று வரிசையாக இருக்கிறது. 2022 செப்டம்பரிலிருந்து தத்து உத்தரவு கோர்ட்டுக்குப் பதிலாக மாவட்ட ஆட்சியரிடம் வந்திருக்கிறது. அப்படியும் நாள் குறித்துச் சொல்ல யாராலும் முடியாது. நாலு வயசுப் பிள்ளைக்கு விசா தெரியாது, சொன்னவர்கள் வரவில்லை என்பது மட்டும்தான் தெரியும்.

பெயரை நீக்கியதற்குக் காரணம் இதுதான். பராமரிப்பில் இருக்கும் குழந்தையை அடையாளம் காட்டும் எதையும் ஊடகங்களிலோ வேறு வகையிலோ வெளியிடக் கூடாது என்கிறது 2015 இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-ஆம் பிரிவு. மீறினால் ஆறு மாதம் வரை சிறை, இரண்டு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். கேக் வெட்டும் படத்தைக் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில்கூடப் போடாதீர்கள். ஆர்வத்தில் யாராவது ஃபார்வர்ட் செய்துவிடுவார்கள். சட்டம் கிடக்கட்டும், தான் எப்படி இந்த வீட்டுக்கு வந்தேன் என்ற கதையை யாரிடம் சொல்வது என்று முடிவு செய்யும் உரிமை அவளுக்குத்தான்.

மகளை அவருடைய அமெரிக்கத் தத்தெடுப்பு ஏஜென்சி மூலமாக இல்லத்தில் இந்த வாரமே கேட்கச் சொல்லுங்கள். ஆல்பம் அச்சாகிப் போய்ச்சேர நாள் பிடிக்கும்.